கை நடுக்கம் மட்டுமில்ல: பார்க்கின்சனும் உடற்பயிற்சியும்

எங்க தாத்தா திண்டுக்கல்ல நாப்பது வருஷம் பூட்டு செஞ்சவர். பார்க்கின்சன் வந்தப்போ நாங்க கவனிச்சது கை நடுக்கத்தை மட்டும்தான். அவர் சொன்னது வேற: "கை நடுங்குனா பரவால்லடா, அடுத்து என்ன மாட்டணும்னுதான் பிடிபட மாட்டேங்குது."

அதுவும் இந்த நோயோட பகுதிதான். மூளையில டோபமின் சுரக்கிற செல்கள் அழிய அழிய, அசைவோட சேர்த்து திட்டமிடுறது, ஒரு வேலையில இருந்து இன்னொண்ணுக்கு மாறுறது எல்லாமே தடுமாறும்.

உடற்பயிற்சி உதவுமா? நெதர்லாந்துல 130 பேரை வச்சு 'பார்க் இன் ஷேப்'னு ஒரு ஆய்வு, 2019ல வெளியாச்சு. ஒரு குழு வீட்டிலேயே நகராத சைக்கிளை வாரம் மூணு தடவை, 30 முதல் 45 நிமிஷம், ஆறு மாசம் மிதிச்சாங்க. இன்னொரு குழுவுக்கு உடம்பை நீட்டி வளைக்கிற பயிற்சி மட்டும். மிதிச்சவங்களுக்கு அசைவுச் சிக்கல் மெதுவாத்தான் கூடுச்சு. ஒரு பகுதியினரை ஸ்கேன் பண்ணினப்போ மூளைச் சுருக்கமும் குறைவு. கவனத்தை அடக்கி ஆள்ற சோதனையிலயும் முன்னேற்றம்.

இது மாத்திரைக்கு மாற்று இல்ல. கீழே விழுற ஆபத்தும் இருக்கு. அதனால மலைக்கோட்டை படியேறக் கிளம்பிடாதீங்க. டாக்டர், பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்டுட்டு ஆரம்பிங்க.

தாத்தா இப்போ மிதிக்கிறார். வீடியோ கால்ல நேரம் பார்க்கிறது என் வேலை.