பழைய வண்டியின் முறைக்காய்ச்சல்

மருத்துவர் நாடி பார்க்கும் வேளையில் காய்ச்சல் தணிந்திருக்கும். வீடு திரும்பியதும் மறுபடியும் குளிர் தொடங்கும். இத்தகைய நோயை முறைக்காய்ச்சல் என்றனர் நம் முன்னோர். கொசுவின் வயிற்றில் அந்நோயின் கிருமியை ரொனால்ட் ராஸ் கண்டறிந்தது 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், நமது சிகந்தராபாத்தில்தான். பழைய மோட்டார் வண்டிகளின் மின்சாரக் கோளாறுகளிற் பெரும்பாலானவையும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. சாலையில் நின்றுபோன வண்டி பட்டறை வாசலில் ஒழுங்காக ஓடும். கோளாறு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பி விடுவார்கள்.

சிறு சரக்கு வண்டிகள் ஹைதராபாத்துக்குப் புதியவை அல்ல. 1942இல் தோன்றிய ஹைதராபாத் ஆல்வின் நிறுவனம், 1980களில் ஜப்பானிய நிஸ்ஸான் நிறுவனத்தோடு கூடி ஜஹீராபாத்தில் இலகு ரகச் சரக்கு வண்டிகளைச் செய்தது. 1989இல் அத்தொழில் மஹீந்திராவின் கைக்கு மாறியது. எந்த நிறுவனத்தின் வண்டியானாலும், வயது பதினைந்தைக் கடந்த பின் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஒன்றே. மேட்சல் பக்கமிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு போயின்பல்லிச் சந்தைக்கு வரும் பிக்கப் வண்டி ஒன்றை எண்ணிக்கொள்வோம். நள்ளிரவில் நாகபுரி நெடுஞ்சாலையில் அதன் விளக்குகள் திடீரென்று அணைந்தால், பின்னால் வரும் லாரிக்கு அப்படி ஒரு வண்டி இருப்பதே தெரியாது. சரக்கு வீணாவது இரண்டாம் பட்சம்.

முதற்கண் கேட்க வேண்டிய கேள்வி, கோளாறு எப்போது வருகிறது என்பது. குழியில் இறங்கும்போதா? ஸ்டியரிங்கைத் திருப்பும்போதா? சித்திரை வைகாசி வெயிலில் ஒரு மணி நேரம் ஓடிய பின்பா? மழை பெய்த மறுநாளா? அதிர்ச்சியில் வருவது, தளர்ந்த இணைப்பையோ உறைக்குள் முறிந்த ஒயரையோ சுட்டும். வெப்பத்தில் வந்து, ஆறியதும் மறைவது, ரிலேயினுள் விரிசல் கண்ட ஈயப்பற்றைச் சுட்டும். வெப்பத்தில் விரிந்து விலகுவது குளிர்ந்ததும் மீண்டும் ஒட்டிக்கொள்கிறது. ஈரத்தில் வருவதற்குக் காரணம் செம்பில் ஏறிய பச்சைக் களிம்பு. வண்டிக்காரர் ஒரு சிறு நோட்டில் நாளையும் நேரத்தையும் இவற்றையும் குறித்து வந்தால், பாதி வேலை முடிந்ததென்றே நாம் கருதுகிறோம்.

அடுத்தது எர்த். வண்டியில் பாட்டரியின் நேர்முனையிலிருந்துதான் ஒயர்கள் புறப்படுகின்றன. மின்சாரம் திரும்பி வரும் வழி வண்டியின் இரும்பு உடலேயாம். எஞ்சினோ ரப்பர் மெத்தைகளின்மேல் அமர்ந்திருப்பது. ஆகையால் அதனைச் சட்டத்தோடு இணைக்கத் தனியே ஒரு பின்னல் பட்டை உண்டு. அது துருவேறினால் ஸ்டார்ட்டருக்குச் செல்லும் பெருமின்சாரம் ஆக்சிலரேட்டர் கம்பியையும் கிளச்சுக் கம்பியையும் வழியாகக் கொள்ளும். கம்பிகள் சுடத் தொடங்கும். பின்விளக்குக் கூட்டின் எர்த் விட்டுப்போனால் இன்னும் வேடிக்கை. பிரேக்கை மிதித்தால் பார்க்கிங் விளக்கு மங்கலாக எரியும். நேர்வழி அடைபட்ட மின்சாரம் அடுத்த விளக்கின் இழை வழியே திரும்புவதே காரணம். இதைக் கண்டு பல்பை மாற்றுவோர் பலர், பல்பின்மீது குற்றமில்லை.

இங்கே சிறிது கணக்கும் வேண்டும். முன்விளக்குகள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 10 ஆம்பியர் இழுக்கும். களிம்பேறிய ஓர் இணைப்பில் 0.2 ஓம் தடை இருந்தால், அங்கேயே 2 வோல்ட் தொலைந்துவிடும். 20 வாட் வெப்பமாகி அவ்விணைப்பின் பிளாஸ்டிக்கை உருக்கும். மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்துப் பார்ப்பவர் இதில் ஏமாறுவார். இழைகளெல்லாம் அறுந்து ஒன்றே ஒன்று எஞ்சியிருக்கும் ஒயரும் அங்கே நல்ல ஒயராகவே தோன்றும். மீட்டர் அனுப்பும் மின்சாரம் அத்துணைச் சிறிது. எனவே விளக்கை எரியவிட்டு, வோல்ட் நிலையில், பாட்டரியின் எதிர்முனைக்கும் விளக்கின் எர்த்துக்கும் இடையே அளக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேற்பட்டால் அவ்வழியில் நோய் உண்டு. அளந்துகொண்டே ஒயர்க் கற்றையை ஆட்டிப் பார்த்தால், முள்ளோ எண்ணோ துள்ளும் இடம் தானே தெரியும். கதவுக் கீல், ஸ்டியரிங் தண்டின் அடி, சட்டத்தின் துளைகள், முன்னே வாங்கியவர்கள் பாட்டுப்பெட்டிக்கும் கூடுதல் ஹாரனுக்குமாக ஒயரை முறுக்கி டேப்புச் சுற்றிய இடங்கள் ஆகியவற்றை முதலில் ஆட்டுக. கடைசியாகச் சொன்னவை எப்போதும் ஐயத்துக்குரியவை.

பியூஸ் அடிக்கடி போகிறதென்று சிகரெட்டுத் தாளைச் சுற்றுவதும், 10 ஆம்பியருக்கு 30 ஆம்பியர் செருகுவதும் நாம் அறிந்த வழக்கங்கள். அதன்பின் உருகுவது பியூஸ் அன்று, ஒயர்க்கற்றை. தீப்பிடிக்கும் வண்டிகள் சில இவ்வாறு பிடிப்பவையே. ராணிகஞ்சுக் கடைகளில் ஆல்டர்னேட்டர், ரிலே, ஸ்விச்சு என்று ஒவ்வொன்றாக வாங்கி மாற்றிப் பார்ப்பது தீமையற்றதுதான். ஆயினும் நூறு ரூபாய் எர்த் பட்டைக்காக ஆயிரக்கணக்கிற் செலவாகும்.

ஆட்டியும் சூடுபடுத்தியும் அகப்படாத கோளாறு சில உண்டு. ஓட்டத்தில் தானே எஞ்சின் நின்று, பத்து நிமிடத்தில் தானே கிளம்பும் டீசல் வண்டியைக் கொள்வோம். பல டீசல் பம்புகளில், மின்சாரம் உள்ளவரையே எண்ணெயை விடும் சாலினாய்டு ஒன்று அமைந்திருக்கும். அதன் முனையிலிருந்து, சிறு பியூஸ் சேர்த்த ஓர் ஒயரைக் கேபினுக்குள் கொணர்ந்து, 5 வாட் பல்பு ஒன்றில் சேர்த்து, பல்பின் மறுமுனையை எர்த்தில் இணைத்து, ஓட்டுநர் கண்ணிற் படும்படி கட்டிவிட வேண்டும். பிறகு வண்டி வழக்கம்போலச் சரக்கேற்றி ஓடட்டும். எஞ்சின் நிற்கும் அக்கணத்தில் பல்பு எரிந்துகொண்டிருந்தால், மின்சாரம் அதுவரை வந்துவிட்டது. சாலினாய்டையோ எண்ணெய் வழியையோ பார்க்க வேண்டும். பல்பும் கூடவே அணைந்தால் குற்றம் முன்னே உள்ளது. மறுநாள் பல்பின் ஒயரைப் பியூசின் வெளிமுனைக்கு மாற்றுக, அதற்கடுத்து உள்முனைக்கு, பின்னர் சாவி ஸ்விச்சுக்கு. பல்பு எரிந்தபடியே எஞ்சின் நிற்கும் முதல் இடத்துக்கும், அதற்கு முந்தின நாள் பல்பு அணைந்த இடத்துக்கும் இடைப்பட்ட ஒயரில் கோளாறு இருக்கும்.