கடல் நடுவே ஓர் அந்தோனியார் கோயில்

பாக்கு நீரிணையில், இராமேசுவரத்திற்கு வடகிழக்கிலும் நெடுந்தீவுக்குத் தென்மேற்கிலும், 285 ஏக்கர் பரப்புள்ள ஒரு சிறு தீவு கிடக்கின்றது. அங்குக் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை; ஆதலால் குடிகளும் இல்லை. ஆண்டின் பெரும்பாலான நாட்களில் அத்தீவில் இருப்போர் இலங்கைக் கடற்படையினர் சிலரும், கடற்பறவைகளும், கோடி அற்புதராம் பதுவைப் புனித அந்தோனியாரும் மட்டுமே. ஆயினும் தவக்காலத்தில் ஓர் இரவு மட்டும் இருகரைத் தமிழ்க் கத்தோலிக்கரும் ஆயிரக்கணக்கில் அங்கே கூடி, மணலிலே படுத்துறங்கி, மறுநாள் காலைத் திருப்பலி கண்டு திரும்புகின்றனர்.

கச்சத்தீவு என்றவுடன் அரசியல் மேடைகளே நம் நினைவுக்கு வருகின்றன. அங்கு ஒரு கோயில் இருப்பதையும், அக்கோயிலை ஓர் ஏழைத் தொழிலின் மக்கள் தம் உழைப்பால் எழுப்பினர் என்பதையும், கரிசல் காட்டிலே வாழும் விருதுநகர், சிவகாசிப் பகுதி வாசகர்கள் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். 2025-ஆம் ஆண்டு மார்ச்சு 14, 15 ஆகிய நாட்களில் நடைபெற்ற திருவிழாவிற்கு, நம் பங்கு மக்கள் பன்னிருவருடன் நாம் சென்று வந்தோம். அவர்களுள் பாதிப்பேர் பட்டாசுத் தொழிலாளர். நால்வர் அதற்கு முன் கடலில் கால் நனைத்ததுமில்லை.

இத்தீவு முற்காலத்தில் இராமநாதபுரம் சேதுபதிகளின் சமீன் உடைமைகளுள் ஒன்றாக இருந்தது. மீன் பிடிக்கச் செல்வோர் வலை உலர்த்தவும், இளைப்பாறவும் அங்கே கரை ஏறுவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தொண்டியை அடுத்த நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி என்னும் கத்தோலிக்க மீனவர் அங்கே அந்தோனியாருக்கு ஒரு சிற்றாலயம் எழுப்பினார். கல்லும் சுண்ணாம்பும், ஏன், கலவைக்கு வேண்டிய நன்னீரும்கூடப் படகிலேயே போயிருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், அச்சிறு கட்டடத்தின் பெருமை விளங்கும். தங்கச்சிமடத்துக் குருவானவர் திருவிழாவிற்குக் கடல் கடந்து சென்று திருப்பலி நிறைவேற்றுவது நெடுநாள் வழக்கம்.

அந்தோனியார் அங்கு வந்து குடியேறியதில் ஒரு பொருத்தம் உண்டு. 1195-இல் லிசுபன் நகரில் பிறந்த அவர், மறைசாட்சியாக மரிக்கும் ஆவலோடு மொராக்கோ நாட்டிற்குக் கப்பலேறினார். அங்கே நோயுற்று ஊர் திரும்புகையில், புயற்காற்று அவரது கப்பலைச் சிசிலித் தீவின் கரையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. தாம் போக நினையாத கரையிலே ஒதுங்கியவர்தாம் பிற்பாடு இத்தாலி நாட்டையே தம் மறையுரையால் அசைத்தார். 1231-ஆம் ஆண்டு சூன் 13-ஆம் நாள் அவர் மரித்தார். ஓராண்டு நிறையுமுன்னரே திருச்சபை அவரைப் புனிதர் என அறிவித்தது. காற்றுக்குத் தப்பிக் கரை தேடுவோர் அவரைத் துணைக்கு அழைப்பதில் வியப்பென்ன?

இத்தகைய கோயில்கள் நம் கடலில் மட்டுமே உள்ளவை அல்ல. காட்லாந்து நாட்டின் மேற்கே எரிசுகே என்றொரு சிறு தீவு உண்டு. அங்குள்ள புனித மிக்கேல் ஆலயம் 1903-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஆலன் மக்டொனால்டு என்னும் பங்குக்குரு அதனைக் கட்ட முற்பட்டபோது, அவ்வூர் மீனவர் தம் மீன்பாட்டின் வருவாயை அவர் கையில் கொடுத்தனர். அங்குப் பீடத்தைத் தாங்கி நிற்பது ஓர் உயிர்காப்புப் படகின் முன்பகுதியாம். குளிர் நடுக்கும் அக்கடலிலும், வெயில் கொளுத்தும் நம் கடலிலும், ஏறத்தாழ ஒரே காலத்தில், வலை வீசுவோர் ஒரே எண்ணம் எண்ணினர்.

ஆனால் எரிசுகே மக்களுக்கு இல்லாத ஒரு துன்பம் நம்மவருக்கு வந்தது. 1974-ஆம் ஆண்டு சூன் மாதம் இந்தியப் பிரதமர் இந்திரா காந்தி அம்மையாரும், இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். தீவிற்கு மேற்கே ஏறத்தாழ ஒரு கடல் மைல் தொலைவில் எல்லைக்கோடு விழுந்தது. தீவு இலங்கையின் பக்கம் சேர்ந்தது. இந்திய மீனவரும் திருப்பயணிகளும் முன்போலவே அங்குச் சென்று வரலாம், கடவுச்சீட்டோ விசாவோ வேண்டுவதில்லை என்று அவ்வுடன்படிக்கையிலேயே எழுதப்பட்டுள்ளது. 1976-இல் ஏற்பட்ட மற்றோர் ஏற்பாடு, ஒரு நாட்டார் மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடித்தலைத் தடுத்தது. கோயிலுக்குப் போகும் உரிமை மட்டும் எஞ்சி நின்றது. தீவை மீட்க வேண்டுமென 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியதை வாசகர் அறிவர். அவ்வழக்கைத் தீர்ப்பது நம் வேலையன்று.

இலங்கையில் 1983-இல் போர் மூண்டபின் திருவிழா பல ஆண்டுகள் நின்றுபோயிற்று. 2009-இல் போர் முடிந்து, மறு ஆண்டு மீண்டும் கொடி ஏறியது. பழைய சிற்றாலயம் சிதைந்திருந்தமையால், இலங்கைக் கடற்படையினரின் உழைப்பில் அருகிலேயே புதிய ஆலயம் எழுந்தது. 2016-ஆம் ஆண்டு திசம்பர் 23-ஆம் நாள் யாழ்ப்பாண ஆயர் அதனை அருட்பொழிவு செய்தார். தீவு இன்று யாழ்ப்பாண மறைமாவட்டத்தைச் சார்ந்தது. நம்மவர் புறப்படும் இராமேசுவரமோ 1987-இல் பிறந்த சிவகங்கை மறைமாவட்டத்தைச் சார்ந்தது.

படகேறுமுன் கரையிலே சோதனை. சிவகாசி என்ற சொல் காதில் விழுந்ததும், ஓர் அலுவலர் நம்மவர் மூட்டைகளை இரண்டாம் முறையும் அவிழ்த்துப் பார்த்தார்! அவரைக் குறை சொல்வதற்கில்லை. உயிர்காப்புச் சட்டை அணிந்து விசைப்படகில் அமர்ந்தோம். ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம். முதல் அரைமணி நேரம் பாட்டுப் பாடியவர்கள் பிறகு வாந்தியெடுத்துப் படுத்துவிட்டனர். "சாமி, நம்ம ஊர்ல தண்ணி இல்லைன்னு அழுவோம், இங்க இவ்வளவு தண்ணி இருந்தும் குடிக்க ஒரு சொட்டு இல்லையே" என்றார் ஒரு முதியவர். தீவில் இறங்கியபின் அவரது சொல்லின் உண்மை இன்னும் விளங்கிற்று. அங்குக் குடிநீர் வழங்குவோர் கடற்படையினரே. முட்புதரும் மணலுமாகிய தரை. நிழலுக்கு அலைய வேண்டும்.

மாலையில் கொடியேற்றம்; வெள்ளிக்கிழமையாதலால் சிலுவைப்பாதை. இருநாட்டுக் குருக்களும் மாறி மாறி நிலைகளை நடத்தினர். சிங்கள மொழி பேசும் கத்தோலிக்கரும் வந்திருந்தனர். அவர்கள் மொழியிலும் மன்றாட்டு எழுந்தது. இரவில் அந்தோனியாரின் தேர்ப்பவனி. நம்மவர் குருவைச் "சாமி" என்பர். யாழ்ப்பாணத்தார் "சுவாமி" என்பர். இருட்டிலே முகம் தெரியாவிடினும், அழைக்கும் சொல்லைக்கொண்டே எக்கரையினர் என்று அறிந்துகொண்டோம்.

முற்காலத்தில் இவ்விரவு ஒரு சந்தையாகவும் இருந்ததாம். நம் கரையிலிருந்து கைலியும் சேலையும் போகும். அக்கரையிலிருந்து தேங்காய் எண்ணெயும் சோப்பும் வரும். கொண்டும் கொடுத்தும் உறவான குடும்பங்கள் இங்கேதான் ஆண்டுக்கொருமுறை சந்தித்துக்கொள்ளும். இன்று கட்டுப்பாடுகள் மிகுதி. ஆயினும் பேச்சுக்குத் தடையில்லை. தேர் நிலைக்கு வந்தபின், நம் பங்கைச் சேர்ந்த ஓர் அம்மாளின் அருகே யாழ்ப்பாணத்து மாது ஒருவர் வந்தமர்ந்தார்.

"நீங்கள் எவ்விடம், அக்கா?"

"சிவகாசிப் பக்கம்மா."

"வெடி செய்யிற ஊரோ? எங்கட பக்கம் வெடிச்சத்தம் கேட்டால் இப்பவும் நெஞ்சு பதறும்."

நம்மவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, ஆலை விபத்தில் தம் மகனைப் பறிகொடுத்ததைச் சொன்னார். அந்த மாது தம் மகன் போரின் கடைசி மாதங்களில் காணாமற்போனதைச் சொன்னார். உடலும் இல்லை, கல்லறையும் இல்லை. காணாமற்போன பொருளைக் காட்டித் தருபவர் என்று அந்தோனியாரை உலகெங்கும் போற்றுகின்றனர். அந்தத் தாய் எதைத் தேடி ஆண்டுதோறும் இங்கு வருகிறார் என்பதை நாம் கேட்கவில்லை. இருவரும் ஒரே மெழுகுதிரியில் தங்கள் திரிகளை ஏற்றிக்கொண்டனர்.

இக்கூட்டம் எப்போதும் இவ்வாறு கூடிவிடும் என்று எண்ணலாகாது. தம் தோழர் சிறையிலடைக்கப்பட்டதைக் கண்டித்து, 2024-இல் இராமேசுவரம் மீனவர் படகு எடுக்க மறுத்தனர். நம் கரையினர் இல்லாமலே அவ்வாண்டுத் திருவிழா நடந்தது. சிறைப்பட்டவரின் மனைவி மக்கள் படும் பாட்டை அறிந்தோர், அம்மறுப்பைப் பழிக்கமாட்டார்கள். அதேவேளை, நம் இழுவைமடிப் படகுகள் கடலின் அடித்தரையை வாரிச் செல்வதால் தம் வலைகள் அறுபடுகின்றன என்று அக்கரை மீனவர் அழுகின்றனர். அவர்களும் தமிழர், பெரும்பாலோர் நம் மறையினர், போரால் அனைத்தையும் இழந்து, சிறுபடகோடு மீண்டும் கடலுக்கு வந்தவர்கள். அடிமடி இழுவையை இலங்கை 2017-இல் சட்டத்தால் தடை செய்தது. நம் பக்கத்து மேடைகளில் இந்த இரண்டாம் கண்ணீரைப் பற்றிப் பேசுவார் அரியர். காணிக்கை வைக்குமுன் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்ன ஆண்டவரின் பீடம் அத்தீவில் இருக்கிறது. அப்பீடத்தைச் சுற்றி நிற்போரே இரவுக் கடலில் ஒருவர்க்கொருவர் வழக்காளிகள். சனிக்கிழமைக் காலைத் திருப்பலியில் சமாதானம் கூறும் வேளை வந்தபோது, நமக்கு முன்னிருந்த தங்கச்சிமடத்து மீனவர் ஒருவர், பக்கத்தில் நின்ற நெடுந்தீவு மீனவரை நோக்கிக் கைகூப்பச் சற்றே தயங்கினார், பிறகு கூப்பினார். மற்றவரும் கூப்பினார்.

திருப்பலி முடிந்தவுடன் படகுகள் வரிசையாகப் புறப்பட்டுவிடும், தங்குதற்கு அனுமதியில்லை. செல்ல விரும்புவோர் சில வாரங்களுக்கு முன்னரே இராமேசுவரம் பங்கின் வழியே பெயர் பதிந்து, அடையாளச் சான்றின் நகலும் கொடுத்தல் வேண்டும். நீரழிவு, இருதய நோய் உள்ளோர் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். ஒரு போர்வை, ஒரு குடை, உலர்ந்த பலகாரம், ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் போதும். மெழுகுதிரி மட்டும் இரண்டாக எடுத்துச் செல்லுங்கள்; அருகில் அமர்பவரிடம் இல்லாமலிருக்கலாம்.