மதர்போர்டு மாறிய பின் திறக்க மறுத்த கணினி

வடகரப்பதியில் கணினி பழுதானால், வேலந்தாவளம் சோதனைச்சாவடியைக் கடந்து கோயம்புத்தூருக்கு எடுத்துச் செல்வது பலருக்கும் வழக்கம். சென்ற கோடையில் இடியுடன் பெய்த மழைக்குப் பின் நம் வீட்டுக் கணினியும் அவ்வழியே சென்றது. மதர்போர்டு கருகியிருந்தது. புதிய மதர்போர்டும் அதற்கேற்ற பிராசசரும் ரேமும் பொருத்தப்பட்டன. ஹார்டு டிஸ்க் மட்டும் பழையது. மின்விசிறி சுழன்றது, திரையும் ஒளிர்ந்தது. ஆனால் விண்டோஸ் திறக்கவில்லை. 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டு நீலத்திரை நின்றுவிட்டது.

“ஃபார்மட் செய்துவிடலாம், அரைமணி நேர வேலைதான்” என்றார் பழுது பார்த்தவர். அந்த டிஸ்கில் ஆறு ஆண்டுகளின் தேங்காய் வியாபாரக் கணக்கு இருந்தது. நாம் இசையவில்லை.

திரை கேட்டது பிட்லாக்கர் மீட்பு எண். டிஸ்கிலுள்ள தரவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர், அதன் திறவுகோலை டிபிஎம் என்னும் பாதுகாப்புச் சில்லின் காவலில் விட்டிருக்கும். மதர்போர்டு மாறும்போது அந்தச் சில்லும் மாறிவிடுகிறது. கணினியைத் திருடியவனுக்கும் பழுது பார்ப்பவருக்கும் விண்டோஸுக்கு வேறுபாடு தெரியாது. இருவரையும் ஒன்றுபோலவே தடுத்து நிறுத்தும். விண்டோஸ் 11 கொண்ட பல கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு நுழைந்ததுமே இப்பூட்டு தானாக விழுந்துவிடுவதால், உரியவருக்கே அது தெரிந்திருப்பதில்லை. அவ்வாறு பூட்டியிருந்தால் மீட்பு எண் அந்தக் கணக்கிலேயே பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும். நாமும் கைபேசி வழியாக அதனுள் நுழைந்து எண்ணைக் கண்டெடுத்தோம். எண் தொலைந்துவிட்டால் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாலும் மீட்டுத்தர இயலாது.

எண்ணைத் தந்தபின் மற்றொரு நீலத்திரை: ‘இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்’. டிஸ்க் கெட்டுவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. விண்டோஸால் டிஸ்கை எட்ட முடியவில்லை என்பதே பொருள். பழைய மதர்போர்டில் டிஸ்க் ‘ரெய்டு’ முறையிலும் புதியதில் ‘ஏஎச்சிஐ’ முறையிலும் அமைந்திருந்தன. சேஃப் மோடில் ஒருமுறை தொடங்கியதும் உரிய டிரைவரை விண்டோஸ் சேர்த்துக்கொண்டது; அடுத்த முறை இயல்பாகத் திறந்தது. எல்லாக் கணினியிலும் இது பலிக்கும் என்று கூற மாட்டோம். ஃபார்மட்டுக்கு முன் முயன்று பார்க்கத் தக்கது.

திரையே இருண்டிருந்தால் காரணம் எளியதாகவும் இருக்கலாம். இன்டெல் பிராசசர் பெயரின் இறுதியில் ‘எஃப்’ இருப்பின் அதில் கிராபிக்ஸ் இல்லை. மானிட்டர் கேபிளைத் தனி கிராபிக்ஸ் கார்டில்தான் செருக வேண்டும்.

வங்கி வாடிக்கையாளர்களுக்கு ஒரு சொல்: விண்டோஸின் உண்மையான பிழைத்திரையில் அழைக்க வேண்டிய தொலைபேசி எண் இராது. எண்ணுடன் தோன்றும் திரை மோசடிக்காரர்களுடையது. பேசினால் அடுத்து ஓடிபி கேட்பார்கள்.

நம் 48 இலக்கங்களும் இப்போது ஒரு தாளில் எழுதப்பட்டு, நிலப்பத்திரங்களோடு பீரோவில் இருக்கின்றன.