சாவு ஒரு தெருவில், மனை வேறு தெருவில்

1891இல் பெங்களூரின் மக்கள்தொகை 1,80,366. பத்தாண்டு கழித்து எண்ணியபோது 1,59,046. வளர்ந்துவந்த ஓர் ஊர் இருபத்தோராயிரம் பேரை இழந்திருந்தது. மைசூர் அரசின் கீழிருந்த பேட்டையிலும் பிரிட்டிஷார் ஆண்ட தண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு சரிவு. இதில் பிளேக்கால் செத்தவர் எத்தனை, பயந்து ஊரைவிட்டு ஓடியவர் எத்தனை என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. சாவுப் பதிவேட்டையும் முழுதாக நம்ப முடியாது. நோய் என்று தெரிந்தால் குடும்பத்தையே தனிமை முகாமுக்கு ஏற்றிவிடுவார்கள், வீட்டுக் கூரையைப் பிரித்துவிடுவார்கள். அதற்கு அஞ்சிப் பிணத்தையே மறைத்தவர்கள் உண்டு.

பிளேக் 1898 ஆகஸ்டில் ஹூப்ளிப் பக்கமிருந்து ரயிலேறி வந்தது. எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சிதான் அதைக் கடத்துகிறது என்று பிரெஞ்சு மருத்துவர் பால்-லூயி சிமோன் கராச்சியில் கண்டதும் அதே ஆண்டுதான். மருத்துவ உலகம் அதை ஏற்கப் பல வருடங்கள் பிடித்தன. அதுவரை அதிகாரிகள் ரயில் பயணிகளைச் சோதித்தார்கள், சுவர்களுக்கு மருந்தடித்தார்கள். மண்தரைக்குள் எலி நிம்மதியாகக் குடியிருந்தது.

முகாம் பொறுப்பில் நின்றவர்களுள் டாக்டர் பல்புவை மறக்கக் கூடாது. திருவனந்தபுரத்து ஈழவர். சென்னையில் மருத்துவம் படித்து வந்தவருக்குத் திருவிதாங்கூர் அரசு சாதியைக் காட்டி வேலை மறுத்தது, மைசூர் கொடுத்தது. ஊரே கலைந்து ஓடிய நாட்களில் அவர் நோயாளிகளோடு இருந்தார்.

மல்லேஸ்வரம், பசவனகுடி என்ற புதுக் குடியிருப்புகள் பிளேக்குக்கு முன்பே திட்டமிடப்பட்டவை. அவற்றை நிரப்பியது பிளேக். தண்டுப் பகுதியில் 1906இல் ஃபிரேசர் டவுனுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதைத் திட்டமிட்ட ஜே.எச். ஸ்டீபன்ஸ், பிளேக் அண்டாத நகரமைப்பு பற்றி 1914இல் தனி நூலே எழுதினார். எலி வளை தோண்ட முடியாத தரை, காற்றும் வெளிச்சமும் புகும் வீடு, அகலத் தெரு: நல்ல யோசனைகள், இன்றைக்கும் பொருந்துபவை.

ஆனால் அவை யாருக்குக் கிடைத்தன? 1809இல் தண்டு உருவான காலம் முதல் பட்டாளத்தின் பின்னால் வந்த தமிழர்கள் பிளாக்பள்ளியிலும் அல்சூரிலும் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். நெரிசலைக் குறைக்க வீடுகளை இடித்தபோது, இடிபட்டவர்களில் பெரும்பாலோர் புது மனைக்குக் காசு கட்டக்கூடியவர்கள் அல்ல. மல்லேஸ்வரத்திலும் பசவனகுடியிலும் மனைகளே சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டன. சுகாதாரத்துக்கென்று வீடுகளின் பின்புறம் சந்துகள் விட்டார்கள், மலம் அள்ளுவோர் வந்துபோக. அந்த வீடுகளில் நோய் குறையக் காரணமானவர்கள் அவர்கள். அவர்களுக்கு அங்கே ஒரு மனை ஒதுக்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.