மாணவர்களுடன் மலையேறும் முன்

மாணவர்களை மலையேற்றத்திற்கு அழைத்துச் செல்ல நினைக்கும்போது ‘எந்த மலை?’ என்று யோசிக்கிறோம். ‘எந்த மாதம்?’ என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்களில் 20 பேருக்கு மேல் உயிரிழந்தனர். கோடையில் காட்டுப் புல் காய்ந்திருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் பாறை வழுக்கும். நமக்கு ஏற்றவை ஜனவரியும் பிப்ரவரித் தொடக்கமும்தான்.

அடுத்தது கடினம். தூரத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஏற்றம், நிழல், குடிநீர் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ஒருமுறை செஞ்சி ராஜகிரிக் கோட்டைக்குக் காலை 10 மணிக்கு மேல் ஏறத் தொடங்கினோம். பாதிப் படியில் ஒரு மாணவிக்கு மயக்கம் வந்தது. உச்சிக்குப் போகாமலே அனைவரும் இறங்கினோம். தவறு என்னுடையது.

அதன்பின், மலைக்குப் போகும் முன் தேங்காய்த்திட்டு அலையாத்திக் காட்டோரம் காலை 7 மணிக்கு ஒரு மணி நேரம் நடக்க வைக்கிறேன். சமதளத்திலேயே யாருக்கு மூச்சு வாங்குகிறது, யாருடைய செருப்பு கடிக்கிறது என்பது தெரிந்துவிடும். மெதுவாக நடக்கும் பிள்ளைதான் குழுவின் அளவுகோல்.

காட்டுப் பாதை என்றால் வனத்துறை அனுமதி கட்டாயம். பெற்றோரின் எழுத்து ஒப்புதல், முன்னும் பின்னும் ஓர் ஆசிரியர், ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலைக்கணக்கு ஆகியவையும் வேண்டும். திரும்பும் நேரத்தைப் புறப்படும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் வந்துவிட்டால், உச்சிக்குப் பத்துப் படிகளே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும்.