கணிப்பொறிக்குள் வீசும் காற்று

(பத்தாம் வகுப்பு மாணவி)

ஏற்றி வைத்த ஊதுவத்தியைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். புகை முதலில் நூல் பிடித்தாற்போல் நேராக எழும். ஒரு சாண் உயரம் சென்றதும் நெளியும். பிறகு சுருண்டு, சுழன்று, கலைந்துபோகும். நேராகச் செல்வதைச் சீரோட்டம் என்றும், கலைந்து சுழல்வதைக் கொந்தளிப்பு ஓட்டம் என்றும் அறிவியலார் அழைப்பர். பகலில் நம் தலைக்கு மேல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உயரம் வரை உள்ள காற்று பெரும்பாலும் இரண்டாம் வகையே. தரையை உரசிச் செல்வதாலும், வெயிலில் காய்ந்த தரை அடியிலிருந்து சூடேற்றுவதாலும் அது ஓயாமல் கலக்கப்படுகிறது.

இந்தக் கலக்கம் நமக்கு எவ்வளவு வேண்டியது என்பதைப் போகிப் பண்டிகை காட்டும். 2018ஆம் ஆண்டுப் போகியன்று சென்னையில் பனியும் புகையும் சேர்ந்து கண்ணை மறைத்ததால் விமானங்கள் பல தாமதமாயின. சில வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. காரணம் என்ன? இரவில் தரை குளிரும். அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, அடியிலேயே தங்கிவிடும். அதற்கு மேலே வெப்பமான காற்று மூடிபோல் நிற்கும். ஆகவே விடியுமுன் எரிக்கும் பழைய பாயும் டயரும் விடும் புகை, மேலே போக வழியின்றி நம் மூக்கின் உயரத்திலேயே கிடக்கிறது. வெயில் ஏறிய பின்புதான் சுழல்கள் பிறந்து அதை மேலே அள்ளிச் செல்கின்றன. புகை எப்போது, எங்கே போகும் என்று முன்பே சொல்ல முடிந்தால், இளைப்பு நோய் உள்ள குழந்தையின் வீட்டாருக்கு அது எத்துணை உதவி!

அதற்கான சமன்பாடுகள் இல்லாமல் இல்லை. நாம் படிக்கும் நியூட்டனின் இரண்டாம் விதியைப் பாய்மங்களுக்குப் பொருத்தி, நேவியர், ஸ்டோக்ஸ் என்ற இருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்துவிட்டனர். ஆனால் வீட்டுப் பாடக் கணக்கைப்போல அவற்றைத் தாளில் தீர்த்துவிட முடியாது. வெளியைச் சிறு பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்றின் வேகத்தையும் வெப்பத்தையும் எண்களாகக் குறித்து, அடுத்த நொடியில் அவை என்ன ஆகும் என்று படிப்படியாகக் கணக்கிட வேண்டும்.

கணிப்பொறி தோன்றுமுன்பே இதற்குத் துணிந்தவர் இங்கிலாந்தின் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன். முதல் உலகப்போரில் பிரான்சில் காயமுற்றோரை வண்டியில் ஏற்றிச் செல்லும் பணியில் இருந்தபோது, ஓய்வு நேரங்களில் 1910 மே 20ஆம் நாளின் வானிலையைக் கையால் கணக்கிட்டார். போரின் நடுவே தொலைந்த அவருடைய கையெழுத்துப்படி, பின்னர் பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலின் அடியில் கிடைத்ததாம்! ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் மாறும் என்று விடை வந்தது. உண்மையிலோ அன்று அழுத்தம் ஏறக்குறைய மாறவே இல்லை. தொடக்க அளவீடுகள் தமக்குள் ஒத்துப்போகாததே இதற்குக் காரணம் என்று பிற்காலத்தார் கண்டனர். 1922இல் அவர் அந்தத் தவறான விடையையும் மறைக்காமல் நூலாக வெளியிட்டார். இந்த வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்தது இதுவே.

இன்று கணிப்பொறி இருக்கிறதே, இனி என்ன தடை என்று கேட்பீர்கள். காற்றின் பெரிய சுழல் ஒரு கிலோமீட்டர் அகலம் இருக்கும். அது உடைந்து சிறு சுழல்களாகி, அவை மேலும் உடைந்து, முடிவில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வந்து தேய்ந்து மறையும். ஒரு கன கிலோமீட்டர் காற்றை மில்லிமீட்டர் பெட்டிகளாக வெட்டினால், ஒன்றுக்குப் பின் 18 சுழியங்கள் இட்ட அத்தனை பெட்டிகள் வரும். பத்து மீட்டர் பெட்டிகளாக வெட்டினால் பத்து லட்சமே. ஆகவே பெரிய சுழல்களை நேராகக் கணக்கிட்டு, பெட்டிக்குள் ஒளியும் சிறியவற்றின் விளைவை மட்டும் ஒரு விதியால் மதிப்பிடுகிறார்கள். அமெரிக்காவின் ஜோசப் ஸ்மாகொரின்ஸ்கி 1963இல் அத்தகைய விதி ஒன்றைத் தந்தார். ஜேம்ஸ் டியர்டார்ஃப் 1970இல் அதைக் கொண்டு, இரு தட்டுகளின் நடுவே ஓடும் கொந்தளிப்பு ஓட்டத்தைக் கணித்தார். அவருக்குக் கிடைத்த பெட்டிகள் 6,720 மட்டுமே! அடுத்து அவர் வளிமண்டலத்தையே எடுத்துக்கொண்டார்.

இந்த முறையில் அமைந்த மென்பொருள்களில் ஒன்று, ஜெர்மனியின் ஹானோவர் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த 'பாம்'. 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியிலேயே அதை எழுதியிருக்கிறார்கள். பெரிய புள்ளிக்கோலத்தைப் பல பெண்கள் பங்கிட்டுப் போடுவதுபோல, ஆயிரக்கணக்கான செயலிகள் பெட்டிகளைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஓரப்புள்ளியைப் போடும்போது பக்கத்தவளின் கோட்டைப் பார்க்க வேண்டும் அல்லவா? அதுபோல ஒவ்வோர் அடியிலும் ஒவ்வொரு செயலியும் பக்கத்துச் செயலியிடம் ஓர எண்களைக் கேட்டு வாங்குகிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. தொடக்கத்தில் காற்று முற்றிலும் ஒரே சீராக இருப்பதாக வைத்தால், சுழல் தோன்றவே தோன்றாது. எல்லாப் பெட்டியிலும் ஒரே கணக்குத்தானே நடக்கும்! எனவே நிரல் எழுதுவோர் தாமே சில சிறு குளறுபடிகளைக் குலுக்கல் முறையில் தூவி வைக்கிறார்கள்.

காற்று ஒரே தாவலில் ஒரு பெட்டியைத் தாண்டிவிடக் கூடாது என்பது பொது விதி. நொடிக்கு 5 மீட்டர் வேகக் காற்றுக்கு, 10 மீட்டர் பெட்டி என்றால், 2 நொடிக்கு மேல் அடி வைக்கக் கூடாது. பெட்டியின் பக்கத்தைப் பாதியாக்கினால் பெட்டிகள் எட்டு மடங்காகும், அடிகளும் இரட்டிக்கும், வேலை பதினாறு மடங்கு!

இங்கேதான் போகிப் புகை மீண்டும் குறுக்கே வருகிறது. பகலின் சுழல்கள் பெரியவை. பத்து மீட்டர் பெட்டியில் நன்றாகத் தெரியும். குளிர்ந்த இரவிலோ அவை சில மீட்டராகச் சுருங்கிப் பெட்டிக்குள்ளேயே மறைந்துவிடும். ஒரு மீட்டர் பெட்டி வேண்டுமென்றால் வேலை பதினாயிரம் மடங்கு. புகை மிகவும் தீங்கு செய்யும் நேரமே கணக்குக்கு மிகவும் கடினமான நேரமாக இருக்கிறது. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், துருவப் பகுதியின் குளிர்ந்த காற்று ஒன்றையே பல குழுவினரின் மென்பொருள்களுக்கும் கொடுத்துப் பார்த்தனர். பெட்டியின் அளவை 12.5 மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை குறைத்தனர். பெட்டி பெரிதாக இருந்தபோது மென்பொருளுக்கு மென்பொருள் விடை மாறியது. சிறிதாகச் சிறிதாக விடைகள் ஒன்றையொன்று நெருங்கின. 400 மீட்டர் பக்கமுள்ள அந்தச் சிறு கனசதுரத்துக்கே, ஒரு மீட்டர் அளவில் 6 கோடியே 40 லட்சம் பெட்டிகள் தேவைப்பட்டன.