வாடகை பாக்கி: மூன்று மாதக் கணக்கும் ஒரு பவுண்டு வித்தியாசமும்

இங்கிலாந்தில் தனியார் வீடுகளில் வாடகைக்குக் குடியிருப்போருக்கான வாடகைதாரர் உரிமைகள் சட்டம் 2025 அக்டோபர் 27 அன்று அரச ஒப்புதல் பெற்றது. அதன் முக்கியப் பகுதிகள் 2026 மே 1 முதல் நடைமுறைக்கு வருகின்றன. அந்த நாள் நெருங்க நெருங்க, ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் போன்ற, தமிழர் செறிந்து வாழும் பகுதிகளிலிருந்து இந்நாளிதழுக்கு வரும் கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. காரணம் சொல்லாமல் வெளியேற்றும் முறை ஒழிவதால், வாடகை பாக்கிக்காகவும் இனி எவரையும் எளிதில் வெளியேற்ற முடியாது என்று சிலர் நம்புகின்றனர். வேறு சிலரோ, பாக்கி நோட்டீஸ் வந்துவிட்டால் வீட்டைக் காலி செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்று அஞ்சுகின்றனர். இரண்டும் தவறு என்றாலும், இரண்டாவது தவறு இருக்கும் பாதுகாப்பையும் கைவிடச் செய்துவிடுவதால் அதுவே ஆபத்தானது.

எது ஒழிகிறது, எது நிலைக்கிறது

1988-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்திலுள்ள பிரிவு 21, வாடகைதாரர் மீது எந்தக் குறையும் காட்டாமலே இரண்டு மாத நோட்டீஸில் வீட்டைத் திரும்பப் பெற உரிமையாளருக்கு வழிசெய்தது. மே 1 முதல் ஒழிவது இந்தப் பிரிவே. அதே சட்டத்தின் இணைப்புப் பட்டியலில் எண்ணிடப்பட்டுள்ள காரணங்களுள் ஒன்றை நீதிமன்றத்தில் நிறுவி வெளியேற்றும் முறை அப்படியே தொடர்வதுடன், அப்பட்டியலில் புதிய காரணங்களும் சேர்ந்துள்ளன. வாடகைதாரருக்கு இனி நிலையான வாழ்விடம் உறுதியாகிவிட்டது என்று அரசு கூறும்போது, அந்த உறுதி வாடகையைத் தவறாமல் செலுத்த முடிந்தவருக்கே முழுமையாகப் பொருந்துகிறது என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும்.

வாடகை பாக்கிக்கு அப்பட்டியலில் மூன்று காரணங்கள் உள்ளன. ஏதேனும் ஒரு தொகை பாக்கியாக இருப்பது 10-ஆம் காரணம். பாக்கி இல்லாவிட்டாலும் வாடகையைத் தொடர்ந்து தாமதமாகச் செலுத்தி வருவது 11-ஆம் காரணம். இவ்விரண்டிலும், குடும்பத்தின் நிலை, பாக்கி ஏற்பட்ட சூழல், தவணையில் அடைக்கும் வாய்ப்பு ஆகியவற்றை எடைபோட்டு, வெளியேற்றுவது நியாயமா என்று நீதிபதி தீர்மானிப்பார். வழக்கை ஒத்திவைக்கலாம், தவணை ஒழுங்காகச் செலுத்தப்படும் வரை வெளியேற்ற உத்தரவை நிறுத்தியும் வைக்கலாம். 8-ஆம் காரணம் அப்படிப்பட்டதன்று. சட்டம் அதைக் கட்டாயக் காரணம் என்று வகைப்படுத்துகிறது; அதாவது, குறிப்பிட்ட தொகை பாக்கியாக உள்ளது என்று நிறுவப்பட்டவுடன், வாடகைதாரர் வேலை இழந்தவரா, நோயுற்றவரா, கைக்குழந்தையுடன் இருப்பவரா என்று பார்த்து உத்தரவை மறுக்கும் அதிகாரம் நீதிபதிக்கு இல்லை.

8-ஆம் காரணத்தின் கணக்கு

புதிய சட்டம் இந்தக் கட்டாயக் காரணத்துக்கான பாக்கி அளவை இரண்டு மாதத்திலிருந்து மூன்று மாதமாகவும், வாரந்தோறும் வாடகை செலுத்துவோருக்கு 8 வாரத்திலிருந்து 13 வாரமாகவும், நோட்டீஸ் காலத்தை இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரமாகவும் உயர்த்துகிறது. வாடகைதாரர் தடுமாற்றத்திலிருந்து மீள இது கூடுதல் அவகாசம் தரும் என்பது அரசின் விளக்கம். ஆனால் மூன்று மாதம், 13 வாரம் என்னும் அளவுகள், மார்கரெட் தாட்சரின் ஆட்சியில் 1988-இல் இச்சட்டம் இயற்றப்பட்டபோதே அதில் இருந்தவை. ஜான் மேஜர் ஆட்சியில் வந்த 1996-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டமே அவற்றை இரண்டு மாதமாகவும் 8 வாரமாகவும் குறைத்தது. ஆகவே, புதிய பாதுகாப்பாக அறிவிக்கப்படுவது சுமார் 30 ஆண்டுகளுக்கு முன் பறிக்கப்பட்ட ஒன்றைத் திருப்பித் தருவதேயாகும்.

மூன்று மாத பாக்கி என்பதும் மூன்று மாத காலம் என்று பொருள்படாது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் வாடகையை மாதத் தொடக்கத்திலேயே முன்கூட்டிச் செலுத்த வேண்டும். மாதம் 1,400 பவுண்டு வாடகையுள்ள ஒரு வீட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டால், ஜூன் 1, ஜூலை 1, ஆகஸ்ட் 1 ஆகிய மூன்று தவணைகளும் தவறிய நிலையில், ஆகஸ்ட் 2 அன்றே 4,200 பவுண்டு, அதாவது மூன்று மாத வாடகை, பாக்கியாகிவிடுகிறது. முதல் தவணை தவறிய நாளிலிருந்து அதுவரை கழிந்தது இரண்டு மாதமும் ஒரு நாளும் மட்டுமே. வேலை பறிபோன ஒருவர் மாற்று வேலை தேடி முதல் சம்பளம் வாங்குவதற்கு இந்த இடைவெளி பெரும்பாலும் போதாது.

எனினும், இக்காரணத்தின் அமைப்பிலேயே வாடகைதாரருக்கு ஒரு வாசலும் திறந்திருக்கிறது. மூன்று மாத பாக்கி இருக்க வேண்டியது ஒரு நாளில் மட்டுமல்ல, இரண்டு நாட்களில்: உரிமையாளர் நோட்டீஸ் கொடுக்கும் நாளிலும், வழக்கு விசாரிக்கப்படும் நாளிலும். மேற்சொன்ன வீட்டுக்கு ஆகஸ்ட் 3 அன்று நோட்டீஸ் கொடுக்கப்பட்டதாகக் கொண்டால், நான்கு வாரம் முடிந்த பிறகே உரிமையாளர் நீதிமன்றத்தை நாட முடியும். வழக்கு பதிவான பின் விசாரணைக்குக் குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும் என்பதால், விசாரணை அக்டோபர் இறுதியில் வருவதாக வைத்துக்கொள்ளலாம். அதற்குள் செப்டம்பர், அக்டோபர் வாடகைகளைத் தவறாமல் செலுத்தி, பழைய பாக்கியில் ஒரே ஒரு பவுண்டைக் குறைத்தாலும், விசாரணை நாளில் பாக்கி 4,199 பவுண்டு ஆகிவிடும். 8-ஆம் காரணம் விழுந்துவிடும். உரிமையாளர் 10, 11-ஆம் காரணங்களையும் நோட்டீஸில் சேர்த்திருந்தால் வழக்கு அவற்றின் அடிப்படையில் தொடரும் என்றாலும், அப்போது வாடகைதாரரின் நிலையைக் கேட்டு, தவணைத் திட்டத்தை ஏற்கும் அதிகாரம் நீதிபதிக்குக் கிடைத்துவிடும்.

மாறாக, பாக்கி 4,200 பவுண்டாகவே நின்றால், அதே குடும்பம் அதே காரணங்களைச் சொன்னாலும் வெளியேற்ற உத்தரவு பிறந்தே தீரும். அந்த உத்தரவு நடைமுறைக்கு வருவதை 14 நாள் வரையிலும், மிகக் கடுமையான இன்னல் நேரும் என்று காட்டினால் ஆறு வாரம் வரையிலும் மட்டுமே நீதிபதியால் தள்ளிவைக்க முடியும். ஒரு குடும்பத்தின் வீடு நிலைப்பதும் பறிபோவதும் ஒரு பவுண்டில் தீர்மானிக்கப்படும் இந்த ஏற்பாடு, விதியை அறிந்தவருக்கும், ஆபத்தில் கைமாற்றுத் தர உறவினரோ நண்பரோ உள்ளவருக்கும் உதவுகிறது. விதியை அறியாதவரையும், ஊருக்குப் புதியவரையும், கடன் கேட்க ஆளில்லாதவரையும் கைவிடுகிறது. இவ்வளவு பெரிய முடிவை நியாயத்தை ஆராயும் நீதிபதியிடமிருந்து எடுத்து, கூட்டல் கழித்தலிடம் ஒப்படைத்திருப்பதே இச்சட்டத்தின் பெருங்குறை.

யுனிவர்சல் கிரெடிட் விதிவிலக்கின் எல்லை

வேலை இல்லாதோருக்கும் குறைந்த வருமானமுள்ளோருக்கும் வழங்கப்படும் யுனிவர்சல் கிரெடிட் உதவித்தொகையில் வாடகைக்கான பங்கும் அடங்கும். விண்ணப்பித்தவருக்கு முதல் தொகை கைக்கு வர வழக்கமாக ஐந்து வாரமாகிறது. இந்தத் தாமதம் ஒன்றினால் மட்டுமே செலுத்தப்படாமல் நின்ற தொகையை 8-ஆம் காரணத்தின் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று புதிய சட்டம் கூறுவது நல்ல மாற்றமே. ஆனால் இவ்விதிவிலக்கு தாமதத்தை மட்டுமே மன்னிக்கிறது, பற்றாக்குறையை மன்னிப்பதில்லை. தனியார் வீட்டு வாடகைக்கு எவ்வளவு உதவி கிடைக்கும் என்பதை வட்டாரவாரியாக வரையறுக்கும் உச்சவரம்பு 2024 ஏப்ரலுக்குப் பிறகு உயர்த்தப்படவில்லை. வாடகைகளோ உயர்ந்துகொண்டே வந்துள்ளன. உதவித்தொகை உரிய நாளில் வந்தும் வாடகைக்குப் போதாமல் மாதந்தோறும் சேரும் பாக்கிக்கு இவ்விதிவிலக்கில் இடமில்லை. தாமதத்தால் நின்ற தொகை எவ்வளவு என்பதை விசாரணையில் எடுத்துக்காட்ட வேண்டிய சுமையும் நடைமுறையில் வாடகைதாரர் மீதே விழும் என்பதால், விண்ணப்பித்த நாள், தொகை வந்த நாள் ஆகியவற்றைக் காட்டும் இணையக் கணக்குப் பதிவுகளை அச்சிட்டு வைத்திருப்பது அவசியம்.

நோட்டீஸுக்கும் விசாரணைக்கும் இடையே

நோட்டீஸ் என்பது வெளியேற்ற உத்தரவன்று. வழக்கு தொடரும் எண்ணத்தை அறிவிக்கும் கடிதம் மட்டுமே. அதைக் கண்டு முன்கூட்டியே காலி செய்பவரை, தாமாகவே வீட்டை இழந்தவர் என்று கவுன்சில் முடிவு செய்து, மாற்று வீட்டுக்கான உதவியை மறுக்கக்கூடும்.

நோட்டீஸ் வந்தவுடன் முதலில் நாட வேண்டியது, வீடிழப்பைத் தடுக்கும் இலவசச் சட்ட ஆலோசனைச் சேவை. 2023 ஆகஸ்ட் முதல் சட்ட உதவித் திட்டத்தின் கீழ் இயங்கும் இச்சேவைக்கு வருமான வரம்பு இல்லை. வீடு, கடன், உதவித்தொகை ஆகிய மூன்றிலும் ஆலோசனை பெறலாம், விசாரணை நாளில் நீதிமன்றத்தில் வாதாடவும் சட்டத்தரணி ஒருவர் இருப்பார். நீதிமன்றம் அனுப்பும் பதில் படிவத்தை நிரப்பாமல் விட்டுவிடுவதும், விசாரணைக்குச் செல்லாமல் இருப்பதும் இந்த உதவியை வீணாக்கிவிடும்.

பாக்கித் தொகையை எதிர்க்கோரிக்கையாலும் குறைக்கலாம். கூரை ஒழுக்கு, பழுதான வெப்பமூட்டி போன்றவற்றைச் சீர்செய்யும் கடமை 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமையாளருடையது. முறைப்படி அறிவித்தும் அவர் சீர்செய்யாதிருந்தால், அதற்கு நீதிமன்றம் நிர்ணயிக்கும் இழப்பீடு பாக்கியில் கழிக்கப்பட்டு, மூன்று மாத வரம்புக்குக் கீழே தொகை இறங்க வாய்ப்புண்டு. ஆனால் பழுதைக் காரணம் காட்டி வாடகையைத் தாமாகவே நிறுத்திக்கொள்வது மிகவும் ஆபத்தானது.

2021 மே 4 முதல் நடைமுறையிலுள்ள பிரீதிங் ஸ்பேஸ் என்னும் கடன் அவகாசத் திட்டம், கடன் கொடுத்தவர்களின் நடவடிக்கைகளை 60 நாள் நிறுத்திவைக்கிறது. அக்காலத்தில், திட்டத்தில் சேர்க்கப்பட்ட வாடகை பாக்கிக்காக உரிமையாளர் நோட்டீஸ் கொடுக்க முடியாது. அங்கீகரிக்கப்பட்ட கடன் ஆலோசகர் வழியாகவே இதில் சேர முடியும். 12 மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் கிடைக்காது. நடப்பு வாடகையைச் செலுத்தி வர வேண்டும். இத்திட்டம் கடனைத் தள்ளுபடி செய்வதில்லை என்பதால், அந்த 60 நாளுக்குள் தவணைத் திட்டம் ஒன்று உருவாகாவிட்டால் பயன் மிகக் குறைவு.

2026 ஏப்ரல் 1 முதல், கவுன்சில்கள் தம் விருப்புரிமைப்படி வழங்கிவந்த பழைய வீட்டு உதவித்தொகைக்குப் பதிலாக, கிரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட் என்னும் நெருக்கடி நிதியைக் கவுன்சில்கள் வழங்குகின்றன. உதவி என்று அரசு விவரிக்கும் இதை உரிமை என்று கருதிவிடக் கூடாது. யாருக்கு, எவ்வளவு என்பது கவுன்சிலின் முடிவு. இருப்பினும், பாக்கியை வரம்புக்குக் கீழே இறக்கத் தேவைப்படும் தொகை சிறியதாக இருக்கும்போது, அந்தக் கணக்கைத் தெளிவாகக் காட்டி, விசாரணை நாளையும் குறிப்பிட்டு விண்ணப்பிப்பது பலன் தரக்கூடும்.

வாசகர்களின் பிற கேள்விகள்

மே 1-க்கு முன் கொடுக்கப்பட்ட பாக்கி நோட்டீஸுக்கு எந்தக் கணக்கு? பழைய இரண்டு மாதக் கணக்கே.

மே 1-க்கு முன் வந்த பிரிவு 21 நோட்டீஸ் செல்லுமா? செல்லும், ஆனால் உரிமையாளர் அதிகபட்சம் 2026 ஜூலை 31-க்குள் வழக்கு தொடர்ந்திருக்க வேண்டும்.

உரிமையாளர் பூட்டை மாற்றலாமா? கூடாது, நீதிமன்ற உத்தரவுக்குப் பின் பெய்லிஃப் எனப்படும் அமலாக்க அலுவலரே வெளியேற்ற முடியும், மீறுவது 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

உரிமையாளரின் வீட்டிலேயே ஓர் அறையில் இருப்பவருக்கு இவை பொருந்துமா? பெரும்பாலும் பொருந்தா.

டெபாசிட்டை வாடகையாகக் கழித்துக்கொள்ளச் சொல்லலாமா? உரிமையாளர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டுமே.

அரசு உதவி பெறத் தடையுள்ள விசாவில் இருப்பவர் நிலை? யுனிவர்சல் கிரெடிட் கிடைக்காது. நோட்டீஸ் காலமும் நீதிமன்ற விசாரணையும் அவருக்கும் உண்டு.

வெளியேறிவிட்டால் பாக்கி தீர்ந்துவிடுமா? தீராது, பிணை நின்றவரிடமும் கேட்கப்படலாம்.

ஸ்காட்லாந்து, வேல்ஸ்? அங்கு வேறு சட்டங்கள்.

8-ஆம் காரணத்தை மாற்ற என்ன வேண்டும்? அதைக் கட்டாயக் காரணங்களின் பட்டியலிலிருந்து, நீதிபதியின் முடிவுக்கு விடப்படும் காரணங்களின் பட்டியலுக்கு நாடாளுமன்றம் மாற்றினால் போதும். உரிமையாளர் வாடகை கோரும் உரிமை எதையும் இழக்கமாட்டார், வாடகைதாரரோ தம் நிலையைச் சொல்லிக் கேட்கப்படும் உரிமையைப் பெறுவார்.